வெளுத்துப்போன பச்சை

பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் ஒருவர் இருந்தார், கண்ணுகளா. கலர்க்காரர் என்றுதான் தெருவே கூப்பிடும். ஒரு பழைய சட்டைப் பொத்தானைக் கொண்டுபோய் நீட்டி, "இந்த நீலம்தான் வேணும்" என்றால் போதும், அதே நீலத்தை டப்பாவில் இறக்கிவிடுவார். அவர் மனைவி ரொட்டிக்கடையில் அடுப்புக்குப் பொறுப்பு. அவளுக்கு மூக்குதான் கடிகாரம். ரொட்டி வெந்ததா என்று அடுப்புக் கதவைத் திறந்து பார்க்க மாட்டாள். தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள், "எடு" என்பாள், அவ்வளவுதான்.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் இறங்கிற்று, சளி போயிற்று, வாசனை மட்டும் வீடு திரும்பவில்லை. "வந்தாலும் வரும், காத்திருங்க" என்றார் டாக்டர். காத்திருந்ததில் தட்டுத் தட்டாக ரொட்டி கரியானதுதான் மிச்சம். முதலாளி நல்ல மனுஷன், திட்டவில்லை. அவர் திட்டாததுதான் அவளுக்கு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் ஏப்ரனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து ஒரு பையில் வைத்தாள். மறுநாள் காலை அதை இன்னொருத்தி கட்டிக்கொள்வாள். இவள் பொட்டலம் கட்டும் மேஜைக்குப் போகவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் தம்பி வந்து சேர்ந்தான். கப்பலில் பயணிகளுக்குப் பானம் கலந்து கொடுப்பவன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பாட்டில். பாட்டிலுக்குள் பச்சைப்பசேலென்று ஆப்சிந்த் என்ற சீமைச் சாராயம்.

"ஏன் மாமா, அக்கா மூஞ்சி இப்படித் தொங்குது?"

கலர்க்காரர் அவனைச் சமையலறைக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவ்ளோதானே? இந்தச் சரக்கோட மூடியத் திறந்தாலே தூங்கறவன் எழுந்து உக்காருவான். அக்காவுக்குச் சோடா கலந்து ஸ்ட்ராங்கா ஒரு ஹைபால் போட்டுக் குடுங்க. வாசனை வரலைன்னாலும் சிரிப்பாவது வரும்."

"நானா? உன் வேலைடா அது!"

"நான் முதல்ல குளிக்கணும். நீங்களும் கலக்கறவர்தானே? உயரமான கிளாஸ். வாய் வரைக்கும் ஐஸ். கையக் கட்டிப்போடாம ஆப்சிந்த் ஊத்துங்க. அரை எலுமிச்சை, ஒரு ஸ்பூன் சர்க்கரைப் பாகு. மேல சோடா. ஒரே ஒரு தடவை கிண்டணும். பெயின்ட் மாதிரி போட்டு அடிக்காதீங்க!"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாடியபடியே குளியலறைக்குள் போய்விட்டான். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லாமல் போனான்.

கலர்க்காரர் ஐஸை நிரப்பி, ஆப்சிந்தை ஊற்றி, கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடடா! மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக, நீலம் பட்டும் படாமல், என்ன பச்சை! இதை மட்டும் ஒரு சுவருக்கு அடித்தால் சுவரே துளிர் விடும் என்று நினைத்துக்கொண்டார். எலுமிச்சையைப் பிழிந்தார், பாகை விட்டார். பிறகு சோடாவைச் சாய்த்தார்.

பச்சை கலங்கியது. புகை புகையாய்ச் சுழன்று, கண் முன்னாலேயே பாலாக வெளுத்தது.

அவர் தொழிலில் வார்னிஷில் தண்ணீர் பட்டு வெளுத்தால் அந்த டப்பா தீர்ந்தது, கொட்டவேண்டியதுதான். கை பழகினபடியே சிங்க்கில் கொட்டிவிட்டார். கிளாஸில் ஈரம் இருந்திருக்கும் என்று நினைத்து, துணியால் கீச் கீச்சென்று சத்தம் வரும்வரை துடைத்து மறுபடி கலந்தார். மறுபடி வெளுத்தது. கொட்டினார். ஐஸ்தான் சதி செய்கிறது என்று ஐஸே இல்லாமல் கலந்தார். அதுவும் வெளுத்தது! அதையும் கொட்டினார். மச்சினன் பார்ப்பதற்குள் தடயம் போகட்டும் என்று சுடுதண்ணீரை வேறு திறந்துவிட்டார். சிங்க்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது.

படுக்கையறையிலிருந்து மனைவி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"என்னங்க, யாரு சோம்பு வறுக்கறது?"

கலர்க்காரர் பாதிப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "சோம்பா? இங்கே ஒரு வாடையும் இல்லையே!"

அவள் முகம் விளக்கணைத்தாற்போல் ஆகிவிட்டது. "இல்லையா? அப்போ எனக்குத்தான் பிரமை போல" என்று மெல்லத் திரும்பினாள்.

அவளுடைய முதுகைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது.

"ஏய், நில்லு! இருக்கு! ஊரே நாறுது! சோம்புதான், சத்தியமா சோம்புதான்! உன் தம்பி சரக்குல சோம்பு போட்டிருக்கான் போல, மூணு கிளாஸ் இதுலதான் கொட்டியிருக்கேன். வெளுத்துக் கெட்டுப்போச்சு, அதான் பொய் சொன்னேன்!"

அவள் ஓடிவந்து சிங்க்கின் மேல் கவிழ்ந்தாள். சாக்கடை ஓட்டையில் மூக்கை வைத்து அப்படி ஆனந்தப்பட்டவர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை, செல்லங்களா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

காதில் சோப்பு நுரையோடு வந்த தம்பி பாட்டிலைப் பார்த்து அலறினான். "பாதியக் காணோம்! அவ்வளவையும் குடிச்சிட்டீங்களா மாமா?"

"குடிக்கலைடா, கொட்டினேன். உன்னை யாரோ நல்லா ஏமாத்தியிருக்கான். சோடா பட்டா வெளுக்குது!"

"ஐயோ மாமா! வெளுக்கறதுதான் அதோட அழகே! வெளுக்கலைன்னாத்தான் சந்தேகப்படணும்!"

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா கொட்டியிருப்பீங்களா? கொட்டாம இருந்தா அக்காவுக்கு வாசனை வந்திருக்குமா?"

"பாத்தியாம்மா! கொட்டினது நான், பேரு அவனுக்கு!"

அவள் காதிலேயே வாங்கவில்லை. எலுமிச்சைத் தோலை முகர்ந்தாள், சோப்பை முகர்ந்தாள், புருஷன் சட்டையை முகர்ந்தாள். "பெயின்ட் தின்னர். லேசா வருது. இன்னும் குளிக்கலையா நீங்க?"

"ஞாயித்துக்கிழமைம்மா!"

ஆனால் சோம்பு வேறு, ரொட்டி வேறு. அது அவளுக்குத் தெரியும். பையிலிருந்து ஏப்ரனை உருவி, இஸ்திரி மடிப்போடேயே கட்டிக்கொண்டாள். ஃப்ரிட்ஜில் இருந்த மாவை உருட்டி, வீட்டுச் சின்ன அடுப்பில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கூடத்துக்கு வந்து சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "கடிகாரத்தைச் சுவர் பக்கமாத் திருப்பி வைங்க" என்றாள்.

தம்பி மிச்சத்தில் மூன்று ஹைபால் கலந்தான். மூன்றும் அழகாக வெளுத்தன. ஒரு வாய் குடித்த கலர்க்காரருக்குக் காது வழியாக அனல் வந்தது. தம்பி ஐஸைக்கூட மெல்லாமல் வாயில் வைத்திருந்தான். அவள் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். 'கருகிடுமோ, போய்ப் பாத்துடலாமா' என்று கலர்க்காரர் எழுந்திருக்கப் போனார். தம்பி சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

அவள் தலை கொஞ்சமாய்ச் சாய்ந்தது.

"எடுங்க."

கலர்க்காரர் ஓடினார். அடுப்புக் கதவைத் திறந்து குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, என்ன கலர்?" திரும்பாமலே கேட்டாள் அவள்.

ஊரிலுள்ள அத்தனை நிறத்துக்கும் பெயர் சொல்கிற மனுஷனுக்கு அதற்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை.

"நீயே வந்து பாரேன்" என்றார் சிரித்துக்கொண்டே. "நாளைக்கு அந்த ஏப்ரனை நீயே கட்டிக்கோ!"