வீட்டுக்கும் ஒரு ஆடிட்

ஆடிட்டைச் சமாளிப்பது ரத்தினசாமிக்குக் கைவந்த கலை. தொழிலாளிகளை எப்படி நடத்துகிறீர்கள் என்று விசாரிக்க சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆள் அனுப்புவதற்கு நாலு நாள் முன்பே அவருடைய பனியன் கம்பெனியில் பதில்கள் மனப்பாடமாகிவிடும். ராத்திரி வேலை உண்டா? இல்லீங்க. சூப்பர்வைசர் திட்டுவாரா? ஐயோ, தங்கமான மனுசருங்க. இதைச் சொல்லிக்கொடுக்கவே பிரபாகர் என்று ஒரு ஹெச்.ஆர். மேனேஜர்.

மகள் அனுப்ரியா கல்லூரியில் இரண்டாம் முறையும் வெற்று விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை பெற்றோருடன் வரச் சொன்னார், மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். ரத்தினசாமி என்ற அந்த மகா புத்திசாலி என்ன செய்தார்? மகளிடம் ஏன் என்று கேட்டாரா? பிரபாகரை வீட்டுக்கு வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டை நகர்த்திவிட்டுக் கேள்வித்தாளை விரித்தான் பிரபாகர்.

“ஊட்டுல சண்டை வருமான்னு கேட்டா என்னங்கம்மா சொல்லோணும்?”

“வராதுங்க,” என்றாள் ரத்தினசாமியின் மனைவி கண்ணம்மாள். ஷிப்மென்ட் தள்ளிப்போன கோபத்தில் போன வாரம் புருஷன் எறிந்த குழம்பின் கறை அவளுக்குப் பின்னால் சுவரில் அப்படியே இருந்தது.

“கொஞ்சம் சிரிச்சுட்டே சொல்லுங்க.”

சிரித்தாள். அனுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிப்பாம் சிரிப்பு! கேட் திறக்கும் சத்தத்தை வைத்தே அப்பாவின் கோபத்தை அளந்து, டிவியை அணைத்துவிட்டு அறைக்குள் பதுங்கி வளர்ந்தவள் அவள். பரீட்சை ஹாலில் யாராவது நாற்காலியை இழுத்தாலே கை மரத்துப்போகிறது. தூக்கம் என்பதே இல்லை. ‘வீட்டு நிலவரத்தைச் சொல்லு, ஹாஸ்டலுக்கு நானே எழுதித் தரேன்’ என்றிருந்தார் கவுன்சிலர் வினிதா. ஹாஸ்டலில் ஒரு கட்டில் கிடைத்தால் போதும், பிழைத்துக்கொள்வாள்.

“நீ என்ன கண்ணு சொல்லுவ?” என்றார் அப்பா.

“ஒரு கொறையும் இல்லீங்கப்பா.”

“அதுதான் என்ற புள்ள!”

மறுநாள் கவுன்சிலர் அறையில் பதில்கள் மழையாய்ப் பொழிந்தன. மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார் வினிதா. “தாராளமாப் பேசுங்க,” என்று எழுந்தார் ரத்தினசாமி. ஆடிட்டரும் தொழிலாளியைத் தனியாகத்தானே விசாரிப்பார்! அதற்கும் சேர்த்துத்தான் பயிற்சி.

கதவு சாத்திக்கொண்டது. ‘ஒரு கொறையும் இல்லீங்க’ நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, “பயமா இருக்குதுங்க மேடம்,” என்றாள் அனுப்ரியா. பிறகு எல்லாம் கொட்டிவிட்டது.

வினிதா பெற்றோரை உள்ளே அழைத்தார். “உங்க கோபத்துக்குப் பயந்து இந்தப் பொண்ணு தூங்கறதே இல்லைங்க சார். கொஞ்ச நாள் ஹாஸ்டல்ல இருக்கட்டும். டாக்டர்கிட்டயும் காட்டணும்.”

ரத்தினசாமியின் முகம் சுண்டிப்போனது. இப்போதாவது மகள் பக்கம் திரும்புவார் என்று பார்த்தால், போனை எடுத்தார்.

“ஏய்யா பிரபாகரு, என்னய்யா ட்ரெயினிங் குடுத்த? புள்ள பெயிலாயிருச்சுய்யா!”

வினிதா மேஜையில் எடுத்து வைத்த ஹாஸ்டல் விண்ணப்பத்தைக் கண்ணம்மாள் சத்தமில்லாமல் அவர் கைக்கடியில் தள்ளினாள்.

“படிச்சுட்டுப் போடுங்க சார்,” என்றார் வினிதா.

யார் படிப்பது? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பிரபாகரைத் திட்டிக்கொண்டே கையெழுத்தைக் கிறுக்கினார்.

கேட்டது கிடைத்துவிட்டது. அந்தத் தாளோடு வராந்தாவுக்கு வந்த அனுப்ரியா ஓவென்று அழுதாள். ‘ஏன் கண்ணு தூங்கறதில்ல?’ என்று அந்த மனிதர் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போயிருப்பாள்.