புதன்கிழமைச் சீட்டு

அந்தச் சபையில் ஜெபச் சீட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் வருகிறவர்கள் வாசலில் உள்ள மரப்பெட்டியில் தங்கள் விண்ணப்பத்தை எழுதிப் போடுவார்கள். எழுதியவர் பெயர் போடக் கூடாது. பாட்டு முடிந்ததும் பெட்டி வரிசை வரிசையாகப் போகும், ஆளுக்கொன்று எடுப்பார்கள். எடுத்தவர் எழுந்து, அடுத்தவர் எழுதியதைச் சத்தமாக வாசித்து, தன்னுடைய குறை போலவே நினைத்து ஜெபிக்க வேண்டும்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் பதினான்கு மாதமாக ஒரே சீட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். இறந்துபோன மனைவியின் பெயர். வேறு ஒரு வார்த்தை கிடையாது. யார் கையில் கிடைத்தாலும் வாசிப்பார்கள், அந்தக் குடும்பத்துக்கு ஆறுதல் தாரும் என்பார்கள், உட்கார்ந்துவிடுவார்கள். ஆறுதலைப் பற்றி அவனுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வேறெங்கும் அது கேட்பதில்லை. அவன் எதிரில் அவள் பேச்சை எடுக்கவே எல்லோரும் பயந்தார்கள்.

தேர்தல் வந்தது.

ஒரு புதன்கிழமை டெய்லர் அக்காவின் கைக்கு ஒரு சீட்டு வந்தது. 'ஆண்டவரே, ஆளுங்கட்சி இந்தத் தடவை மண்ணைக் கவ்வட்டும்.' பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்தக் கோழிக் கிறுக்கலை ஊரே எலக்ட்ரீஷியனின் பில்லில் பார்த்திருக்கிறது. டெய்லர் அக்காவோ ஆளுங்கட்சிக்கு வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பவர். கண்ணை மூடி, கையை உயர்த்தினார்.

"அப்பா, இத எழுதின புண்ணியவானோட மூளைக்கு முதல்ல கரண்ட் கனெக்‌ஷன் குடுங்கப்பா."

பாதிப் பேர் ஆமென் என்றார்கள். கொஞ்சம் சத்தமாகவே.

அடுத்த வாரம் நாற்பது சீட்டில் பத்தொன்பது இந்த ரகம். அதற்கடுத்த வாரம் ஒரு கட்சிக்காரர்கள் இடப்பக்கம், மற்றவர்கள் வலப்பக்கம். இரண்டு குடும்பங்கள் வருவதையே நிறுத்திவிட்டன. போதகர் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் ஜெபம் முடிந்ததும் எல்லோரையும் இருக்கச் சொன்னார்.

"பெட்டிய எடுத்துடலாம்னு இருக்கேன். சபைக்குள்ள அரசியல் வேண்டாம்."

"அப்போ வெளிய பேசிக்கலாமா பாஸ்டர்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"வெளிய நீங்க பேசறதையும் கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

லென்ஸ் தேய்க்கிறவன் எழுந்தான்.

"பெட்டிய எடுக்காதீங்க."

கைக்கு வந்த சீட்டுக்கு ஜெபிப்பதைத் தவிர, மனைவியை அடக்கம் செய்த பிறகு சபையில் அவன் பேசிய முதல் வாக்கியம் அது. எல்லாத் தலைகளும் திரும்பின. ஏன் என்று போதகர் கேட்டார். உண்மையான காரணத்தை எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"பேர் போடச் சொல்லுங்க. தைரியம் இருக்கறவங்க எழுதட்டும்."

பெயர் போட வேண்டும் என்றால் வம்புச் சீட்டு நின்றுவிடும், பெட்டி பிழைத்துக்கொள்ளும் என்பது அவன் கணக்கு. போதகர் மோவாயைத் தடவிக்கொண்டார்.

"தம்பி சொல்றது சரி. ஆனா பேர் மட்டும் போதாது. சீட்ட எடுத்தவங்க அன்னிக்கே ஜெபம் பண்ண வேண்டாம். அந்த வாரத்துக்குள்ள எழுதினவங்க வீட்டுக்குப் போங்க. உட்காந்து, ஏன் இதக் கேட்டீங்கன்னு கேளுங்க. அடுத்த புதன் வந்து ஜெபிங்க. போகாதவங்க வாயத் திறக்கக் கூடாது."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினான்கு மாதமாக யாரையும் அவன் வீட்டுக்குள் விட்டதில்லை. மாமியாரைக்கூட வாசல் கதவில் நின்று பேசித்தான் அனுப்பினான்.

அடுத்த புதன்கிழமை பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். எழுதாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். எழுதாவிட்டால் அந்தப் பெயரும் கேட்காது. எழுதினான். கீழே தன் பெயரையும் போட்டான். அன்று அரசியல் சீட்டு மூன்றே மூன்று. மூன்றிலும் காரணம் எழுதியிருந்தது.

அவன் சீட்டு எலக்ட்ரீஷியன் கையில் சிக்கியது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் கருவிப் பையோடு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

"இது எவன் பண்ண வயரிங்?"

"நீங்கதான்."

"அதான் இவ்ளோ சுத்தமா இருக்கு."

அவர் தொண்டையைச் செருமினார்.

"உங்க வீட்டம்மா... எப்படிப்பட்டவங்க?"

நல்லவள் என்று சொல்லலாம். எல்லோரும் சொல்வதுதான். அவன் வாயில் வேறொன்று வந்தது.

"உங்க கட்சி."

"என்னது?"

"உங்க கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவா. நான் அந்தப் பக்கம். ஒரே வண்டியில போவோம். போற வழியெல்லாம் சண்டை. 'உன் ஓட்ட அழிச்சிட்டேன் போ'ன்னு சொல்லிட்டு வருவா. இந்தத் தடவ என் ஓட்ட அழிக்க ஆளில்ல."

எலக்ட்ரீஷியன் அவனையே பார்த்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"படிச்ச மனுஷன் நீங்க. அந்தக் கட்சிக்கா போடறீங்க? பஸ் டிக்கெட் விலை தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றான் அவன். ஏன் ஏறியது என்றும் சொன்னான். அவர் விடவில்லை. அவனும் விடவில்லை. டீ ஆறியது. அவர் போக வேண்டிய இன்னொரு வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பினார். கதவைச் சாத்தியபோது அவன் தொண்டை வலித்தது. அவளோடு கத்தினால் வலிக்கும் அதே இடம்.

புதன்கிழமை எலக்ட்ரீஷியன் எழுந்து அவள் பெயரை வாசித்தார். கண்ணை மூடினார். ஜெபம் வரவில்லை.

"ஆண்டவரே, இந்தம்மா எங்க கட்சி."

"ஏம்ப்பா, ஜெபத்துலயும் ஓட்டா கேக்கற?" என்றார் டெய்லர் அக்கா, எதிர்ப்பக்கத்திலிருந்து.

யாரோ சிரித்தார்கள். போதகரும் அடக்கப் பார்த்துத் தோற்றார்.

"நான் சொல்லலக்கா. அவங்க வீட்டுக்காரரே சொன்னாரு. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான்.

"ஆமா. ரெண்டு தேர்தல்ல போட்டா," என்றான். "ரெண்டுலயும் தப்பாத்தான் போட்டா."