இரண்டு வால்கள்

மதியம் இரண்டரைக்கு அந்தப் படம் அவள் கணினிக்கு வந்தபோது ஆசிரியர் தலைப்பையே எழுதி முடித்திருந்தார்: ‘ராணுவத் தளத்தில் மர்ம விமானம்!’

நாளிதழில் வரும் ஒவ்வொரு படத்தையும் சரிபார்த்து அனுப்புவது அவள் வேலை. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பூதக்கண்ணாடி. படம் எடுத்தவன் அவள் கணவனின் தம்பி. ரிப்பன் வெட்டும் கைகளையும் பள்ளம் விழுந்த சாலைகளையும் எடுத்தே ஏழு வருடம் ஓட்டியவனுக்கு இதுதான் முதல் முறையாக முதல் பக்கம். நாற்காலிக்குப் பின்னால் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாவது மாடியிலிருந்து, நான்கு கிலோமீட்டர் தூரத்தை நீள லென்ஸில் இழுத்துப் பிடித்திருந்தான். வெயிலில் எல்லாமே தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிந்தது. சாம்பல் நிறத்தில் நீண்ட உடல். அதன் முதுகில், ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு வால்கள். அப்படி ஒரு விமானம் எந்தப் பட்டியலிலும் இல்லை. நிருபர் விசாரித்த இரண்டு நிபுணர்களும் “புதுசா ஏதோ செய்யறாங்க” என்று சொல்லிவிட்டார்கள். தளத்தை ஒட்டிய தெருக்களில் ஏற்கெனவே போர்ப் பேச்சு. இந்தப் படமும் வந்தால் நாளைக் காலையில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிடுவார்கள்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். முன் வாலின் விளிம்பு கத்தி மாதிரி நின்றது. பின் வால் கொஞ்சம் வெளுத்து, ஓரமெல்லாம் கரைந்திருந்தது. ஒரே உடம்பில் முளைத்த இரண்டுக்குள் இவ்வளவு வித்தியாசம் வராது. நடுவில் இருப்பது காற்று. சூடான, நிறையக் காற்று. சக்கரங்களை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். தேவைக்கு மேல் இருந்தன. அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துபோயிற்று.

“இது ஒண்ணு இல்ல, ரெண்டு” என்றாள். “பழைய சரக்கு விமானம். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு தள்ளி நிக்குது. லென்ஸ் ரெண்டையும் ஒட்டவெச்சிருக்கு.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “நிபுணர்களே சொல்லிட்டாங்களேம்மா.”

“அவங்க விமானத்தைப் பாத்தாங்க சார். நான் படத்தைப் பாக்கறேன்.”

“ஆறு மணிக்குப் பக்கம் போயாகணும். அதுக்குள்ள காட்டுங்க. இல்லன்னா இதுதான் போகும்.”

வெளியே வராந்தாவில் அவன் வாயைத் திறந்தான். “அண்ணி, வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அண்ணன் பத்து பேப்பர் வாங்கி வெக்கறேன்னு சொல்லியிருக்கு.”

“பத்து பேப்பர்லயும் தப்பு இருந்தா பரவாயில்லையா?”

அவன் முகம் சுண்டிவிட்டது. ஆனால் வால்கள் இரண்டும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

“வண்டிய எடு. பக்கவாட்டுலேருந்து பாத்தா தெரிஞ்சுபோயிடும்.”

தளத்தின் பக்கவாட்டில், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மருத்துவமனை. அதன் கார் நிறுத்தும் கட்டடத்தின் மேல்தளம் திறந்தவெளி. போகும் வழியெல்லாம் அவன் உர்ரென்றே வண்டி ஓட்டினான். மேலே காற்று முந்தானையைப் பிய்த்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவின் முக்காலி ஆடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். அவன் குனிந்து கண்ணை வைத்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

“என்னடா?”

“ரெண்டுதான்” என்றான். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கழித்து, தனக்குள் சிரித்தான். “அண்ணி, இங்க வந்து பாருங்களேன்.”

அவள் குனிந்தாள். வயிறு பெருத்த இரண்டு கிழட்டு விமானங்கள். நடுவில் தாராளமாக இடைவெளி. ஒன்றின் கதவிலிருந்து மற்றொன்றின் சக்கரத்துக்குக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் துணி. யாரோ ஒருவன், மேலே பனியன் மட்டும் போட்டவன், வாளியிலிருந்து சட்டைகளை எடுத்து உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தான்.

“இத முதல் பக்கத்துல போடுவாங்களா?”

“முதல்ல எடு.”

மணி நான்கே முக்கால். அவன் அவசரப்படவில்லை. கானல் அடங்கட்டும் என்று விரலைப் பொத்தானில் வைத்தபடி காத்திருந்தான். தூரத்தில் சட்டைகள் ஒவ்வொன்றாகக் காற்றை நிரப்பிக்கொண்டு, கைகளைத் தூக்கின.