மீதி மருந்து

கணவர் சதாசிவம் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய சட்டைகளையெல்லாம் கலாதேவி கோயிலில் கொடுத்துவிட்டாள். சக்கர நாற்காலியை இரவல் கொடுத்தவர்களிடமே திருப்பி அனுப்பினாள். மருந்துகளை மட்டும் படுக்கையறை அலமாரியில் அப்படியே வைத்திருந்தாள். புற்றுநோய் எலும்பு வரைக்கும் இறங்கியபோது வலி தெரியாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மார்ஃபின் போத்தல்கள் அவை. மீதியை ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே ஒப்படைத்துவிடும்படி நர்ஸ் சொல்லியிருந்தார். கலாதேவி இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

காரணம் இருந்தது. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த அன்று, ஈப்போ புந்தோங்கிலிருந்த வீட்டில் அவள் மட்டும் தனியே நின்றாள். மகள் சாந்தினியும் தஞ்சோங் மாலிமுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். நெஞ்சை யாரோ கைவிட்டுப் பிசைவதுபோல் இருந்தது. அவருடைய போத்தலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாமே எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. மறுநாளும் குடித்தாள். அப்புறம் டோபிக் கடையில் சலவை வேலை முடிந்து வந்தால் கால் கழுவுவதற்கு முன்பே கை அலமாரிக்குப் போயிற்று. அதைக் கெட்ட பழக்கமென்று அவள் நினைக்கவே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துதானே.

அந்தச் சமயத்தில்தான் சதாசிவத்தின் தம்பி தர்மாவுக்கு ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை கிடைத்தது. போதையில் விழுந்து, மறுவாழ்வு மையத்தில் இருந்து மீண்டு வந்தவன். தங்க இடமில்லை. "சித்தப்பா உங்களுக்குத் துணையா இருக்கட்டும்மா" என்று சாந்தினி போனில் கெஞ்சினாள். கலாதேவி சரியென்றாள். ஆனால் அவன் வருவதற்குள் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தர்மா இருப்பதே தெரியாமல் இருந்தான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவினான். குளியலறையை அலசிவிட்டான். கலாதேவி பேச்சுக்கு நடுவே கண் சொருகுவதையும், ஓயாமல் மூக்கைச் சொறிவதையும் பார்த்தான். அந்த அறிகுறிகள் அவனுக்குப் பழக்கமானவை.

டயர் கடை பாதி நாளோடு மூடிய ஒரு மதியம் அவன் வீட்டுக்கு வந்தபோது கூடமெல்லாம் புகை. அடுப்பில் பருப்பு கருகிச் சட்டியோடு ஒட்டியிருந்தது. அன்று வேலைக்குப் போகாத கலாதேவி பக்கத்து நாற்காலியிலேயே தலை சாய்ந்து கிடந்தாள். அவன் அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, அவளை உலுக்கி எழுப்பினான். முகம் கழுவிக்கொண்டு வந்தவளிடம் மெதுவாகச் சொன்னான்.

"அண்ணி, என்னைய நெனச்சுத்தான் பூட்டுப் போட்டீங்க. தெரியும். நானா இருந்தாலும் போட்டிருப்பேன். ஆனா சாவி வச்சிருக்கிறவங்கதான் குடிக்கிறாங்க லா."

கலாதேவிக்கு ஆத்திரம் பொங்கியது. "வாய அடக்கிப் பேசு. அது உங்கண்ணன் மருந்து. நீ அடிச்ச சனியனும் அதுவும் ஒன்னா?"

"அண்ணனுக்கு வலி இருந்துச்சு. அவருக்குக் கொடுத்தாங்க."

"எனக்கு வலி இல்லன்னு யாரு சொன்னா உனக்கு?"

அவன் அவளுக்கெதிரே தரையில் உட்கார்ந்தான்.

"இருக்கு அண்ணி. எனக்கும் வலியிலதான் ஆரம்பிச்சிச்சு. லாரியிலேர்ந்து விழுந்து முதுகு போனப்ப கிளினிக்குல மாத்திர கொடுத்தாங்க. முதுகு சரியாப் போச்சு, என்னால மாத்திரய விட முடியல. அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்." படுக்கையறைப் பக்கம் பார்த்தான். "இன்னொன்னும் சொல்லிர்றேன். அந்த அறையத் தாண்டிப் போறப்பல்லாம் எனக்கு வாய் ஊறுது. அந்தப் பூட்டெல்லாம் எனக்கு ஒரு பூட்டா? ரெண்டு பேருக்குமே அது இங்க இருக்க வேணாம்."

அவன் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. கலாதேவி கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"சிங்க்குல ஊத்திடவா?"

"வேணாம் அண்ணி. ஊத்துனா தண்ணியோட தண்ணியா ஆத்துக்குத்தான் போவும். குப்பையில போட்டா எவனாவது பொறுக்குவான். நானே பொறுக்குனவன்தான். ஆஸ்பத்திரியிலயே கொடுத்துருவோம்."

"நாளைக்குப் போலாமா?"

"இப்பவே. நாளைக்குன்னா ரெண்டு பேருக்கும் மனசு மாறிரும்."

அவள் அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கும்போது தடுமாறினாள். "இதக் கொஞ்சம் பிடி" என்று பையை நீட்டினாள். தர்மா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்களே வச்சிக்குங்க அண்ணி."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெரிய ஆள், தன் கையை நம்ப முடியாமல் நிற்கிறான்.

மருந்தக முகப்பில் இருந்தது துளசி என்ற இளம்பெண். போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "கொண்டாந்தது நல்லதுக்கா" என்றாள். அத்தோடு திரும்பிவிட்டிருக்கலாம். கலாதேவி திரும்பவில்லை. முகப்பு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல கொஞ்சம் நான் குடிச்சிட்டேம்மா. அவரு போன நாள்லேர்ந்து."

துளசி முகம் சுளிக்கவில்லை. எழுந்து வந்து, அவளை உள்ளேயிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். "சட்டுன்னு நிப்பாட்டுனா ஒடம்பு படுத்தும். டாக்டரப் பார்த்துட்டே போங்க. இங்க உங்கள யாரும் ஏச மாட்டாங்க."

உடம்பு படுத்தத்தான் செய்தது. டாக்டர் முறையாகக் கவனித்தும் வியர்த்தது, வயிறு புரட்டியது, தூக்கம் கிட்டே வரவில்லை. தர்மாவைக் கண்டபடி திட்டினாள். அவன் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். டாக்டர் வரச்சொன்ன ஒவ்வொரு தடவையும் அவன்தான் கூட்டிப்போனான். சாந்தினியிடம் அவளே போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் மகள் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம், மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, கொடியில் காயும் துணிகளை எடுக்கப் போனாள் கலாதேவி. பாதி எடுத்திருப்பாள், அங்கேயே குந்திவிட்டாள். சதாசிவம் போனதிலிருந்து வராத அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். வேலை முடிந்து வந்த தர்மா கேட்டுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினான். அவளை எழுப்பவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தூறல் விழ ஆரம்பித்ததும் மீதித் துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.