திங்கட்கிழமை சுபநேரம்

புதன்கிழமை ரஸீன் நானா கூப்பிட்டு அனுப்பியபோதே நிரோஷினிக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. தோற்றுக்கொண்டே இருக்கிற அணியின் தலைவியை முகாமையாளர் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவையும் சாத்தி, பிளேன்டீயோடு கேக் துண்டும் வைத்தால் யாருடைய தலையோ உருளப்போகிறது என்று அர்த்தம். அது தன்னுடைய தலையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒளிக்க என்னத்துக்கு, தங்கச்சி. சேர்மன் முடிவெடுத்திட்டாரு. கோச் சஞ்சீவனிய மாத்தப் போறோம்."

"சீசன் பாதியிலயா, நானா?"

"பாதி வரைக்கும் வந்ததே பெரிய காரியம். கடைசி எடத்துல ஈக்கிறோம். இதுக்குக் கீழ போக எடமில்ல."

குண்டசாலையில் இருக்கும் அந்த மெத்தைக் கம்பனி, மகளிர் கூடைப்பந்து அணி ஒன்றைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. மாகாணத்துக்கு மாகாணம் போய் ஆடுகிற தொழில்முறைப் போட்டி அது. ஆரம்பத்தில் கண்டிக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தோல்விகள் தொடங்கிய பிறகு எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரே பகிடிதான்: "மெத்தைக்காரிகளுக்கு நித்திரை வருது, பாய் போடுங்க." கம்பனித் தலைவரின் காதுக்கும் அது எட்டியிருந்தது. தோல்வியைக்கூட மனுஷன் பொறுத்திருப்பார். தன் சரக்கை வைத்துச் சிரிப்பதைப் பொறுக்க அவரால் முடியவில்லை.

"அப்ப புதுசா யாரு வர்றாங்க?"

"மொதல்ல கேக்கத் தின்னுங்க," என்றார் ரஸீன். "நீங்கதான்."

மிச்சத்தை அவர் வேகமாகச் சொல்லி முடித்தார். திங்கட்கிழமை காலையில் சுபநேரம் பார்த்திருக்கிறது. நேரம் பார்க்காமல் அந்தத் தலைவர் ஒரு புது லொறியைக்கூடத் தெருவில் இறக்குவதில்லை. விளக்கேற்றி, பால்சோறு வெட்டி, வடக்குப் பார்த்து நின்று நிரோஷினி பொறுப்பெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் செய்தால் விளங்காது. அதனால் சனிக்கிழமை குருநாகலில் நடக்கிற ஆட்டத்தைச் சஞ்சீவனியே நடத்தட்டும்.

"அது வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்ல வாணாம். அவக்கு நானே திங்கக்கிழமை வெள்ளன சொல்றேன்."

நிரோஷினி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "சனிக்கிழமை வான் எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று மட்டும் கேட்டாள். ரஸீன் நிம்மதியாகத் தலையாட்டினார். அந்தக் கேள்விக்குள் இருந்த ஆம் அவருக்குக் கேட்டது. கேட்டவளுக்கும் கேட்டது.

கண்டிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முழங்காலை நீட்ட முடியாமல் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு முப்பத்திமூன்று வயது. அடுத்த வருஷம் யாரும் அவளை ஆட எடுக்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எதிரணிக்காரிகளுக்கும் தெரியும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பந்தைத் தவிர வேறொன்றையும் கையால் ஒழுங்காகப் பிடிக்காதவள். இனி என்ன என்று நினைக்கும்போதெல்லாம், விளக்கில்லாத அறைக்குள் சுவரைத் தடவுகிற மாதிரி இருக்கும். இப்போது கையில் ஒரு கதவுப்பிடி அகப்பட்டிருக்கிறது. சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. அதட்டி உட்காரவைத்தாள். அது உட்காரவில்லை, உட்கார்ந்த மாதிரி நடித்தது.

சஞ்சீவனி அவளைவிடக் கொஞ்சம் மூத்தவள். இருவரும் ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் ஆடினார்கள். ஒரே அறையில் தங்கினார்கள், ஒரே ஷாம்பூப் பாக்கெட்டைப் பாதி பாதியாய்த் தலைக்குப் போட்டிருக்கிறார்கள். காலில் தசைநார் அறுந்து சஞ்சீவனி ஆட்டத்தை விட்டபோது, அவளைப் பயிற்றுவிப்பாளராகப் போடும்படி கம்பனியோடு வாதாடியவளே நிரோஷினிதான். மைதானத்தில் "கோச்" என்றும் வெளியே "அக்கா" என்றும் கூப்பிட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒருநாளும் தடுமாறியதில்லை.

வியாழனும் வெள்ளியும் பயிற்சிக்குப் போனாள். சப்பாத்து நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். தண்ணீர் குடிக்கப் போய் அங்கேயே நின்றாள். சஞ்சீவனியின் குரல் எந்தப் பக்கம் கேட்டதோ அதற்கு எதிர்ப்பக்கம் போனாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளும் நினைத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்பதைவிட, சொல்லும்போது தன் முகத்தில் என்ன தெரியும் என்பதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

சனிக்கிழமை காலை வான் கலகெதரையில் நின்றது. மாற்று ஆட்டக்காரி றிப்தாவும் மற்றப் பிள்ளைகளும் ரோல்ஸ் வாங்க இறங்கி ஓடினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆடுகிற நெட்டைக்காரி கஜந்தினி மட்டும், "எனக்கு வேண்டாம் அக்கா, வயிறு சரியில்லை," என்று வானுக்குள்ளேயே சுருண்டுகொண்டாள். தேத்தண்ணிக் கடையின் மூலை மேசையில் சஞ்சீவனியும் நிரோஷினியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

சஞ்சீவனி தேநீரை ஊதி ஊதிப் பாதி குடித்தாள்.

"செவ்வாக்கிழம ரஸீன் நானா எனக்கு போன் எடுத்தாரு," என்றாள் பிறகு. "'தங்கச்சி, நிரோஷினிட நட்சத்திரம் என்னா'ன்னு கேட்டாரு."

நிரோஷினி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மனுசன் ஒனக்கு மாப்பிள்ள பாக்குறாருன்னு நெனச்சேன். மெத்தை யாவாரத்தோட தரகு யாவாரமும் தொடங்கிட்டாங்க போலன்னு. நானும் சந்தோசமா சதயம்னு சொன்னேன். ஒவ்வொரு சீசனும் கட்டுக்கலைக் கோயில்ல ஒன் பேருக்கு அர்ச்சன பண்றவ நான்தானே, எனக்குத் தெரியாதா?" அவள் சிரித்தாள். "பொறகு கேக்குறாரு, 'சதயத்துக்குத் திங்கக்கிழம சரிவருமா, பொறுப்பு எடுக்க'ன்னு."

ரஸீன் நானாவுக்கு நட்சத்திரமும் தெரியாது, ராசியும் தெரியாது. தலைவரின் சோதிடர் கேட்டிருப்பார். இந்த மாதிரி விஷயம் எதுவானாலும், தைப்பொங்கல் என்றைக்கு என்பது முதல் கோயில் தேர் எந்தத் தெருவால் வரும் என்பது வரை, அவர் சஞ்சீவனியைத்தான் கேட்பார். பழக்க தோஷத்தில் விரல் அந்த இலக்கத்தையே அமத்தியிருக்கிறது.

"போன வச்ச பொறகுதான் யார்ட்ட கேட்டோம்னு அவருக்கே வெளங்கியிருக்கு. திருப்பி எடுத்தாரு. 'தங்கச்சி, அது வேற ஒரு நிரோஷினி'ங்குறாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பை முதலில் நிறுத்தியவள் நிரோஷினிதான்.

"அப்ப செவ்வாக்கிழமயே ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"புதன்."

"ம். வியாழன் நீ சொல்லுவன்னு பாத்தேன். வெள்ளி சொல்லுவன்னு பாத்தேன். நீ சப்பாத்து கட்டுற, சப்பாத்து கட்டுற, கட்டிக்கிட்டே இருக்க." குரலில் கோபம் இல்லை. நீண்ட பயணத்தில் தோள்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுகிறவளின் அலுப்புத்தான் இருந்தது. "வேலய நீ எடுக்கிறது எனக்கு ஒண்ணுமில்ல நிரோ. யாராவது எடுக்கத்தான் போறாங்க. நீ வந்து சொல்லியிருக்கணும்."

"சொல்லத்தான் நெனச்சேன்."

"அது எனக்குத் தெரியும். எழும்பு, புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

குருநாகலில் வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளரங்கத்துத் தகரக் கூரைக்குக் கீழே காற்று நின்றுபோயிருந்தது. முதல் பாதியில் ஆட்டம் வழமைபோலத்தான் போனது. கஜந்தினி உயரத்தில் எடுத்துக் கொடுக்கிற பந்தை நிரோஷினி வாங்கி, நடு மைதானத்தைத் தாண்டுவதற்குள் எதிரணி முழுவதும் திரும்பி வந்து சுவராய் நின்றது. மறுபடி பந்து. மறுபடி சுவர். "பாய் போடுங்க" என்று யாரோ தொடங்க, ஒரு வரிசையே கைதட்டியது. நிரோஷினி ஓடினாள். அவளைக் கடந்து போகிறவர்களின் முதுகு எண்களை வாசித்துக்கொண்டே ஓடினாள்.

எங்கே ஓட்டை என்று அவளுக்குத் தெரியும். பல மாதங்களாகத் தெரியும். வேகமாக ஆடவேண்டிய இடத்தில் வேகமில்லாத ஒருத்தி நிற்கிறாள். பெஞ்சில் றிப்தா கால் துடிக்க உட்கார்ந்திருக்கிறாள். பயிற்சியைப் பார்க்க வருகிற சாரதிக்குக்கூடத் தெரிகிற விஷயம் சஞ்சீவனிக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் ஒரு ஆட்டத்தில்கூட அவள் நிரோஷினியை வெளியே எடுத்ததில்லை. நிரோஷினியும் என்னை எடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மௌனத்தை இருவரும் நட்பு என்று பெயர் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தார்கள். அதற்கு அணி மொத்தமும் தோற்றுத் தோற்றுத் தீனி போட்டது.

மூன்றாவது பகுதியின் நடுவில் சஞ்சீவனி இடைநிறுத்தம் கேட்டாள். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு வட்டமாய் நின்றார்கள். படம் கீறிக் காட்டுகிற சின்ன வெள்ளைப் பலகையை எடுத்தவள், ஒன்றும் கீறாமல் அதை நிரோஷினியின் கையில் கொடுத்தாள்.

"நீ சொல்லு."

பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்தார்கள். கஜந்தினி, "என்ன கோச், கோபமோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்ல. அவ சொல்லட்டும்."

பலகையைப் பிடித்திருந்த நிரோஷினியின் விரல்களிலிருந்து வியர்வை சொட்டியது. வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆளுக்கு ஆள் நெருக்கிப் பிடியுங்கள், பந்தை விடாதீர்கள் என்று வழக்கமாய்ச் சொல்கிற நாலு வார்த்தை இருக்கவே இருக்கிறது. ஆனால் சஞ்சீவனி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழனும் வெள்ளியும் இப்படித்தான் பார்த்திருப்பாள்.

"நான் வெளிய வர்றேன்," என்றாள். "றிப்தா உள்ள போ. பந்து கையில வந்தா என்னைய மாதிரி நின்னு யோசிக்காத. ஓடு. கஜந்தினி, நீ எடுத்த உடனே தூரமா எறி. அவ அங்க இருப்பா."

"நான் அங்க இல்லாட்டி?" என்றாள் றிப்தா, தலைத்துணியை இறுக்கிக்கொண்டே.

"இல்லாட்டி திங்கக்கிழம இருந்து ஒனக்கு நான்தான் பந்து பொறுக்கிப் போடுவேன். போ."

பெஞ்சில் றிப்தா எழும்பிய இடத்தில் நிரோஷினி உட்கார்ந்தாள். றிப்தா ஓடினாள். சுவர் எழும்புவதற்கு முன்னாலேயே அவள் அந்தப் பக்கம் நின்றாள். கூடைக்குள் பந்து விழுகிற சத்தம் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பாய் போடச் சொன்ன வரிசை மெல்ல மெல்ல அடங்கியது. கடைசி விசில் ஊதியபோது மெத்தைக்காரிகள் ஜெயித்திருந்தார்கள். கஜந்தினி றிப்தாவைத் தூக்கிச் சுற்றினாள். நிரோஷினி எழும்பவில்லை. பக்கத்தில் சஞ்சீவனியும் எழும்பவில்லை.

"ஏன்க்கா என்னைய ஒருநாளும் எடுக்கல?"

"எடுத்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

நிரோஷினி யோசித்தாள். "கோவிச்சிருப்பேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ரொம்ப நாளைக்கு."

"அதுதான்," என்றாள் சஞ்சீவனி. "நீ எங்கூடக் கோவமா இருந்தா எனக்குத் தாங்க ஏலாது. அதுக்கு வெலயா வேலயக் குடுத்திட்டேன்."

வாசலில் நின்று நிரோஷினி ரஸீனுக்கு அழைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று சொன்னாள். மறுமுனையில் மனுஷன் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். ஒருதரம் மூச்சை இழுத்துக்கொண்டு, "அப்ப அக்காவே இருக்கட்டுமே, நானா. சேர்மன்கிட்ட கேட்டுப் பாருங்க," என்றாள்.

"தங்கச்சி, வெளயாட்டா? நேரம் குறிச்சாச்சு. பால்சோத்துக்குச் சொல்லியாச்சு, கண்டியில ஈக்கிற பெரிய ஆக்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. குறிச்ச நேரத்த வுட்டா அதவிட நஹ்சான சகுனம் ஒண்டும் இல்லன்னுவாரு சேர்மன். வெத்தி எல்லாம் நல்லதுதான். திங்கக்கிழமைக்கு நல்ல சகுனம்."

போனை வைத்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இப்போது வருத்தம் வரவேண்டும் என்று காத்து நின்றாள். வரவில்லை. வந்தது வேறு. புதன்கிழமை பஸ்ஸில் எட்டிப் பார்த்த அதே ஆள்தான், இந்தமுறை வெட்கமே இல்லாமல் உள்ளே வந்து கால் நீட்டி உட்கார்ந்தது. ரஸீன் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்கும்போதே தான் பயந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

திரும்பும்போது சஞ்சீவனி முன்வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நிரோஷினி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வான் ஊரைத் தாண்டியது.

"கேட்டியா?" என்றாள் சஞ்சீவனி.

"கேட்டேன். ஏலாதாம்."

"சந்தோசமா இருக்கா ஒனக்கு?"

இல்லை என்று சொல்லலாம். அக்காவுக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும். ஆனால் செவ்வாயிலிருந்து சனிவரை அவள் காத்திருந்தது ஆறுதலுக்காக அல்ல.

"ஆமாக்கா," என்றாள் நிரோஷினி. "சந்தோசமாத்தான் இருக்கு."

சஞ்சீவனி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வயல்கள் முடிந்து மேடு தொடங்கியிருந்தது. எஞ்சின் முனகியபடி ஏறியது.

"சரி," என்றாள் கடைசியில். "இதயாவது சொன்னியே. ஆனா திங்கக்கிழம என்னைய அங்க கூப்பிடாத. பால்சோறு திங்கிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்ல."

"சரிக்கா."

"கொஞ்ச நாளைக்கு எனக்கு போனும் எடுக்காத. நானே எடுப்பேன்."

"சரி."

பின்வரிசைகளில் பாடிக்கொண்டு வந்த பாட்டு நின்றது. ஒன்றும் தெரியாத பிள்ளைகள், ஜெயித்த களைப்பில் ஒவ்வொருத்தியாகச் சரிந்துகொண்டிருந்தார்கள். றிப்தா மட்டும் இருக்கைகளுக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"கோச், திங்கக்கிழம பிராக்டிஸ் எத்தன மணிக்கு?"

சஞ்சீவனி கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். பதில் சொல்வது இனி யாருடைய வேலை என்று நிரோஷினிக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"நாலு மணிக்கு," என்றாள், திரும்பாமல்.

"நாலரைன்னு சொல்லு," என்றாள் சஞ்சீவனி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அந்தப் புள்ள கடுகண்ணாவை ஸ்டேசன்ல ஏறி வருது. கோச்சியே கண்டிக்கு நாலுக்குத்தான் வரும்."

"நாலரை," என்றாள் நிரோஷினி.