கழிவேலியின் முனை

"அப்பா, இந்த முனையெல்லாம் வீட்டைப் பாத்துக்கிட்டு இருக்கே. உள்ள இருக்கறவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

ஓவியரின் மகள் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் புதிது. அப்பா வேலை செய்யும் அகராதி அலுவலகத்திலிருந்து எந்தத் தாள் வீட்டுக்கு வந்தாலும் முதலில் பார்ப்பவள் அவள்தான்.

அன்று வந்திருந்தது சிறுவர் அகராதியின் ஒரு பக்கத்து நகல். அதில் 'கழிவேலி' என்ற சொல்லுக்கு இப்படிப் பொருள் கொடுத்திருந்தார்கள்: 'கழிகளின் நுனியைக் கூராகச் சீவி, நெருக்கமாக ஊன்றி, பகைவர் நுழையாதபடி ஊரைச் சுற்றி அமைக்கும் வேலி. முனைகள் வெளிப்புறம் சாய்ந்திருக்கும்.' கீழே ஒரு வாக்கியம்: 'கழிவேலிக்குள் குழந்தைகள் பயமில்லாமல் தூங்கினர்.' பக்கத்தில் ஓவியர் வரைந்த படம்.

ஓவியர் படத்தைப் பார்த்தார்.

வீடுகளையும் அகழியையும் ஒரு மெல்லிய தாளில் வரைந்து, வேலியை மட்டும் இன்னொரு தாளில் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவது அவர் வழக்கம். வேலை எளிதாக முடியும். ஆனால் மெல்லிய தாளுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. வேலித் தாளை அவர் புரட்டி ஒட்டிவிட்டார். கூரான முனைகள் எல்லாம் அகழியை விட்டுவிட்டு வீடுகள் பக்கம் சாய்ந்து நின்றன.

"வீட்ல இருக்கறவங்க ஒரு தப்பும் செய்யலம்மா. அப்பாதான் செஞ்சுட்டேன்" என்றார்.

முந்தின மாதம்தான் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். "போன தடவை தேளுக்கு ஒரு கால் குறைச்சீங்க. அது நொண்டித் தேள்னு நெனச்சுக்கிறேன். இன்னொரு தப்பு வந்தா படவேலையை வெளிய குடுத்துருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது." மூலப்பக்கம் காலையில் அச்சுக்குப் போகிறது.

மறுநாள் ஓவியர் ஓட்டமும் நடையுமாக அலுவலகம் போனபோது மேனேஜர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தார். "வாங்க. இந்தத் தடவை எல்லாம் சரியா இருக்கு" என்று நீட்டினார்.

சரியாகத்தான் இருந்தது. முனைகள் வெளியே சாய்ந்திருந்தன.

ஓவியர் தாளின் ஓரத்தைப் பார்த்தார். ஒட்டும் நாடாவை அவர் எப்போதும் பல்லால் கடித்துக் கிழிப்பார். ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இதில் நாடா கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. அந்த அறையில் கத்தரிக்கோலை நூல் போட்டு மேசைக் காலில் கட்டி வைத்திருப்பவர் ஒரே ஒருவர், பிழை திருத்தும் அக்கா.

அவர் அக்காவின் மேசை முன்னால் போய் நின்றார். அக்கா பச்சைப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, மூச்சு வாங்குது? சாப்பிட்டு வந்தியா இல்லையா?"

"சாப்பிட்டேங்க்கா."

"பொய் சொல்லாதே. முகத்தைப் பாத்தா தெரியுது. டப்பாவுல ரொட்டி இருக்கு, எடுத்துக்க."

அவ்வளவுதான். அன்றும் சரி, பிறகும் சரி, அக்கா அதைப்பற்றிப் பேசவில்லை. செய்த நன்மையைச் சொல்லிக் காட்டாதவர்களிடம் நன்றி சொல்வதும் கடினம். ஓவியர் ரொட்டியைத் தின்றார்.

மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டாள். அகராதியைப் புதுப் பதிப்பாக மீண்டும் அச்சுக்குக் கோத்தார்கள். அக்காவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. புத்தகம் முடிந்ததும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அதுவரை ஒரு பெரிய பூதக்கண்ணாடியை வரி மேல் நகர்த்தி நகர்த்திப் படித்தார்.

"என்னக்கா, எறும்பு பிடிக்கிறீங்களா?" என்று எழுத்துக் கோப்பவர் கேலி செய்வார்.

"ஆமாண்டா, உன் பக்கத்துலதான் நிறைய ஊருது" என்பார் அக்கா.

ஆனால் மேனேஜர் சிரிக்கவில்லை. "இந்தப் புத்தகத்துல பெருசா ஒண்ணு தப்பிச்சு வந்துதுன்னா, அக்காவை மரியாதையா வழியனுப்பிடலாம்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார். அக்காவின் வீட்டில் படுத்த படுக்கையாக உடன்பிறந்த தம்பி ஒருவர் இருந்தார். இருவருக்கும் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான்.

ஒரு மதியம் எல்லாரும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். அக்கா பார்த்து முடித்த பக்கங்களில் ஓவியர் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். கழிவேலிப் படத்தை அந்தச் சொல்லின் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை.

'கழிவேலி: ஆறு கடலோடு கலக்கும் இடம்' என்று இருந்தது. சற்று மேலே பார்த்தார். 'கழிமுகம்: கழிகளின் நுனியைக் கூராகச் சீவி' என்று தொடங்கியது. கோக்கும்போது இரண்டு பொருளும் இடம் மாறியிருந்தன. பக்கத்தின் கீழே 'சரி' என்று அக்காவின் பச்சைக் குறி.

எப்படித் தவறியது என்று ஓவியருக்குப் புரிந்தது. கண்ணாடி வழியே ஒரு நேரத்தில் ஒரு வார்த்தைதான் தெரியும். ஒவ்வொரு வார்த்தையும் பிழையில்லாமல் இருந்தது. முழுவதையும் சேர்த்துப் பார்க்கத்தான் அந்தக் கண்ணால் முடியவில்லை.

அக்காவிடம் சொல்லலாம். சொன்னால் அக்கா என்ன செய்வார் என்பதும் தெரியும். தாளை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போய், "நான்தான் விட்டுட்டேன்" என்று நிற்பார். தன் தவறை மறைக்கத் தெரியாத மனுஷி. அடுத்தவர் தவறை மறைக்க மட்டும் தெரியும்.

ஓவியர் ஒரு நிமிடம் கண்ணை மூடி, 'கடவுளே, இது தப்புன்னா என்னோட இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டார். பிறகு அக்காவின் மேசையிலிருந்து பச்சைப் பென்சிலை எடுத்தார். இரண்டு பொருளையும் வளைத்து, இடம் மாற்றும் குறியை அக்கா போடுவது போலவே சின்ன வால் வைத்துப் போட்டார். 'சரி' என்பதற்கு முன்னால் 'திருத்தியபின்' என்று சேர்த்தார். அதற்கு மேலும் கீழும் இருந்த பக்கங்களை எடுத்து, வார்த்தை வார்த்தையாக இல்லாமல் பொருளோடு படித்தார். இனி அக்காவுக்குக் கண் தெளியும்வரை தினமும் இந்த வேளையில் அக்கா முடித்த பக்கங்களை இப்படிப் படிப்பது, சாப்பாடு காத்திருக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

படம் இன்னும் ஒட்டாமல் கிடந்தது. வேலியின் முனைகள் வெளியே பார்க்கின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளியேதான் பார்த்தன. நாடாவை இழுத்து வழக்கம்போலப் பல்லுக்குக் கொண்டுபோனார். நிறுத்தினார்.

மேசைக் காலில் கட்டியிருந்த கத்தரிக்கோலை, நூல் எட்டும் தூரம்வரை குனிந்து எடுத்து, நாடாவை நேராக வெட்டி ஒட்டினார். பென்சிலை இருந்த இடத்தில் வைத்தார். படிக்கட்டில் அக்காவின் பேச்சுக் குரல் கேட்டபோது அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்துகொண்டிருந்தார்.