தூங்க வை

அறுவை அரங்கில் அவளுக்குத் 'தாலாட்டு' என்று பெயர். வைத்தவர் ஒரு எலும்பு மருத்துவர். அவள் மயக்க ஊசி போட்டால் அலறுகிற குழந்தையும் அடங்கிவிடும், வம்பளக்கிற பெரியவரும் பாதி வாக்கியத்தில் உறங்கிப்போவார் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. நர்சுகள் நேரில் டாக்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் தாலாட்டு என்பார்கள். அது அவளுக்குத் தெரியும். பிடித்தும் இருந்தது.

நாற்பத்திரண்டு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, வேறொரு பெரிய மருத்துவமனையில் தீவிர சிகிச்சைக்கான ஒரு வருட ஃபெல்லோஷிப் பயிற்சியில் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னாள். உண்மைக் காரணம் சின்னது. அறுவை முடிந்து ஐசியு வாசல்வரை அவள் கொண்டுபோய் ஒப்படைத்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்பது பெரும்பாலும் அவளுக்குத் தெரியாமலே போயிற்று. முதலில் அது பெரிதாகப் படவில்லை. பிறகு உறுத்த ஆரம்பித்தது.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. மாமியார் மட்டும் மகனிடம், "படிப்பு முடிஞ்சிருச்சுன்னு சொல்லித்தானே பொண்ணு குடுத்தாங்க?" என்று கேட்டார். கணவர் சிரித்து மழுப்பினார்.

ஐசியு தலைவர் கல்லூரியில் அவளுக்கு மூன்று வருடம் இளையவர். அந்தக் காலத்தில் அவளிடம் பழைய கேள்வித்தாள் கேட்டு வந்து நிற்பார். முதல் நாளே அவளைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார்.

"வார்டுக்குள்ள நான் சீஃப். வெளிய வந்தா நீங்க எனக்கு அக்கா. ரெண்டும் கலந்துடாம பாத்துக்குவோம்."

கலக்கத்தான் செய்தது.

கைவேலை எதிலும் அவளுக்குச் சிரமமில்லை. யாருக்கும் கிடைக்காத நரம்பு அவள் விரலுக்குக் கிடைக்கும். மூச்சுக்குழாயில் குழாய் இறக்க மற்றவர்கள் தடுமாறும்போது அவளைத்தான் தேடுவார்கள். சிரமமெல்லாம் பேச்சில் இருந்தது. அவள் தொழிலில் நோயாளிகள் பேசியது பத்து நிமிடம், உறங்கியது மீதி நேரம். இங்கே உறவினர்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார்கள். அவள் ரத்த அழுத்தம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்களாகச் சொல்வாள். அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அவள் நகர்ந்ததும் நர்சைப் பிடித்து, "டாக்டர் என்னம்மா சொல்லிட்டுப் போறாங்க?" என்பார்கள்.

இரண்டாவது மாதத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒரு அம்மா வந்து சேர்ந்தார். ஐம்பத்து நான்கு வயது, கனத்த உடம்பு, தெருமுனைவரை கேட்கும் குரல். முதலில் விரல்கள் மரத்து ஸ்டியரிங் வழுக்கியது. அடுத்து கால்கள் துவண்டன. நோயைத் தடுக்க வேண்டிய சக்தியே திசைமாறி நரம்புகளைத் தின்கிற வியாதி அது. பெரும்பாலும் குணமாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். ஐசியுவுக்கு வந்த மறுநாள் மூச்சு இழுக்கும் தசைகளும் ஓய்ந்துபோயின. தாலாட்டுதான் மயக்கம் கொடுத்துக் குழாய் வைத்து வென்டிலேட்டரில் இணைத்தாள். வெள்ளை மயக்க மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் அந்த மருந்தைச் செலுத்தும் பம்ப் அருகே நின்றார்.

"இது எதுக்கு இன்னும் ஓடுது?"

"குழாய் இருக்கு. கை கால் எதுவும் அசையாது. முழிப்பு வந்தா பயந்துடுவாங்க சீஃப்."

"பயப்படுவாங்கதான். பக்கத்துல ஆள் இருக்கணும்."

"அசையவே முடியாதவங்களை முழிக்க வைக்கிறதா?"

"அக்கா, உங்க தியேட்டர்ல ரெண்டு மணி நேரம். இங்க ரெண்டு மாசம் ஆகும். அத்தனை நாள் ஒருத்தரைத் தூங்க வச்சா மூளை குழம்பிடும், மிச்சமிருக்கிற தசையும் கரைஞ்சிடும். நிறுத்துங்க."

வார்டுக்குள் அக்கா என்றது அவருக்கே தெரியவில்லை. அவள் பம்பை நிறுத்தினாள். ஆனால் கை உடனே போகவில்லை.

மயக்க மருந்து கொடுக்கிற எவருக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு. தசையைத் தளர்த்தும் மருந்து வேலை செய்து, உறங்க வைக்கும் மருந்து மட்டும் ஏமாற்றிவிடக் கூடாது. உடம்பு கட்டையாகக் கிடக்க, காது மட்டும் விழித்திருக்கக் கூடாது. அவளுக்கு அப்படி ஒருமுறையும் நடந்ததில்லை. நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இத்தனை வருடம் கண் கொட்டாமல் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே அதையே வைத்தியம் என்கிறார்கள்.

மதியத்துக்குள் அந்த அம்மா விழித்துக்கொண்டார். முகமும் செத்துக் கிடந்தது. இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. கருவிழிகள் மட்டும் மேலும் கீழும் போயின. மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று முடிவாயிற்று.

ஆமாம் இல்லை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? வேறு நாட்டில் இருபத்தாறு எழுத்துக்கு அட்டை தயாராகக் கிடைக்கிறது, நமக்கு இருநூற்று நாற்பத்தேழு இருக்கிறதே என்று எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். வார்டு நர்ஸ்தான் பள்ளிக்கூட இலக்கணத்தைத் தூசி தட்டினாள். உயிரா, வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று முதலில் கேட்பது. பிறகு அந்த இனத்தின் ஆறு எழுத்தில் எது என்பது. பிறகு குறிலா, நெடிலா, புள்ளியா. வாயால் கேட்கக் கேட்க அவர் விழியை உயர்த்தினால் போதும்.

முதல் வார்த்தைக்காகக் கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. அந்த அம்மாவின் கணவர், ஓயாமல் பேசுகிற மனிதர், தலைமாட்டில் நின்றார். மெல்லினம். ம. நெடில். ஊ.

"மூ," என்றாள் நர்ஸ்.

"மூச்சு," என்றாள் தாலாட்டு. அதற்குள் அவள் வென்டிலேட்டர் பக்கம் பாய்ந்திருந்தாள். "மூச்சு முட்டுதா?"

கணவர் முகம் வெளுத்தது. குழாய் சரியாக இருந்தது, ஆக்சிஜன் சரியாக இருந்தது, நெஞ்சில் இரண்டு பக்கமும் காற்று போய்வரும் சத்தம் கேட்டது. அந்த அம்மாவின் விழிகள் கீழே கீழே என்று இறங்கியபடி இருந்தன. நர்ஸ் மறுபடி வரிசையைச் சொன்னாள். வல்லினம். க. புள்ளி.

"மூக்கு," என்றார் கணவர். "மூக்கு அரிக்குதா உனக்கு?"

விழிகள் மேலே போய் அங்கேயே நின்றன. அவர் சுண்டுவிரலால் சொறிந்துவிட்டார். நர்ஸ் சிரித்துவிட்டாள். கணவர் சிரிக்க ஆரம்பித்து, பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அதன்பின் அந்தக் கட்டிலில் பேச்சு பெருகியது. ரேடியோவை நிறுத்து, தலையணையைத் திருப்பு, கார் இன்சூரன்ஸைக் கட்டு என்று ஒவ்வொன்றாக வந்தது. தாலாட்டு மட்டும் கால்மாட்டில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அந்தப் பாதி திறந்த கண்களை நேருக்கு நேர் பார்க்க அவளுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சீஃப் விடுப்பில் இருந்தார். அந்த அம்மா கூப்பிடுவதாக நர்ஸ் சொல்லி, வேறு கட்டிலுக்கு ஓடிவிட்டாள். தாலாட்டு தானே உட்கார்ந்து வரிசை சொன்னாள். பழக்கமில்லாததால் நேரம் பிடித்தது. வந்த சொற்கள் இரண்டு.

தூங்க வை.

"தூங்கணுமா?" என்று கேட்டாள். விழிகள் மேலே போயின.

அவளுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவே இருந்தது. இத்தனை வாரத்தில் முதல்தடவையாக, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்கிறார். மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தாள். நாடித்துடிப்பு இறங்கியது, நெற்றி வியர்வை அடங்கியது. அந்த உறக்கம் பார்க்க அத்தனை அமைதியாக இருந்ததால் நிறுத்த மனம் வராமல் இரவு முழுக்க ஓட விட்டுவிட்டாள். பார்வை நேரத்தில் வந்த கணவர், "பாவம், இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கறா. புண்ணியமா போகும் டாக்டர்," என்றார்.

மறுநாள் காலை அந்த அம்மா கண் திறந்தார். ஆனால் பார்வை கூரையில் எதையோ துரத்தியது. குழப்பம் இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"கல்லு தண்ணியில மிதக்குமா?"

விழிகள் மேலே போயின.

கணவர் குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா?" என்றார். விழிகள் அவரைத் தாண்டி எங்கோ போயின. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் துடிப்பு எகிறியது.

சீஃப் வந்து மருந்துக் குறிப்பைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"கேட்டாங்க, குடுத்தீங்க. சரி. எதுக்குக் கேட்டாங்க?"

அவள் குறிப்பைத் திரும்பப் புரட்டினாள், காரணம் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் காத்திருப்பு அறைக்குப் போய்க் கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நேத்து நான் குடுத்த தூக்க மருந்தால இந்தக் குழப்பம் வந்திருக்கலாம். இந்த வியாதியிலயும் வரும். ஆனா மருந்து குடுத்தது நான்தான். ஏன் தூங்கணும்னு கேக்கறாங்கன்னு விசாரிக்காம குடுத்துட்டேன்."

"சரியாயிடுமா?"

"ஆயிடும்னு நினைக்கிறேன். எத்தனை நாள்னு சொல்லத் தெரியல."

"உங்க மேல கோவமாதான் இருக்கு டாக்டர்," என்றார் அவர். "ஆனா சொன்னீங்களே."

அவள் எழுந்து போன பிறகு அவர் நர்ஸிடம் எதுவும் கேட்கவில்லை.

குழப்பம் ஒரேயடியாகத் தெளியவில்லை. ஒரு நாள் கணவரைத் தெரிந்தது. அடுத்த நாள் தெரியவில்லை. தாலாட்டு காலையிலும் மாலையிலும் வந்து இது மருத்துவமனை, இது செவ்வாய்க்கிழமை, நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பச் சொன்னாள். கடைசியில் ஒரு காலை, கல் மிதக்குமா என்ற கேள்விக்கு விழிகள் சட்டென்று கீழே இறங்கின. இது ஒரு கேள்வியா என்பது போல இருந்தது அந்த இறக்கம்.

அன்று அவள் ஸ்டூலை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு ஏன் தூங்க வைக்கச் சொன்னீங்க? மெதுவா சொல்லுங்க. நான் இருக்கேன்."

வல்லினம், க, நெடில், ஆ. இடையினம், ல, புள்ளி. கால்.

"கால் வலிக்குதா?"

மேலே.

"ரொம்பவா?"

விழிகள் மேலேயே நின்றன. கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு சொல் தொடங்கியது. ப. ஓ. பக்கத்தில் நின்ற கணவர் பதறினார்.

"போ-ங்கறா. போறேன்னு சொல்றாளா டாக்டர்?"

"பொறுங்க. முழுசா சொல்லட்டும்."

ர, புள்ளி. வ. ஐ. போர்வை.

அவள் எழுந்து கால்மாட்டுக்குப் போனாள். பாதத்தின் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணிதான் கிடந்தது. அதை இரண்டு விரலால் தூக்கியபோது மானிட்டரில் துடிப்பு இறங்குவதைப் பார்த்தாள். திரும்ப வைத்தபோது ஏறியது. கெட்டுப்போன நரம்புக்குத் துணியின் கனமே நெருப்பு. வலி மருந்து எழுதித்தான் இருந்தார்கள். ஆனால் சுளிக்க முகமும் இல்லை, முனக வாயும் இல்லை என்பதால் அந்த அளவு போதுமா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துடிப்பு எகிறுவதை வியாதியின் குணம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அவள் கையெழுத்தும் அதில் இருந்தது.

வலி அவளுடைய சொந்த நிலம். நரம்பு வலிக்கான மருந்தை மாற்றி, அளவைக் கூட்டினாள். போர்வை காலில் படாமல் தூக்கி நிற்க வளைந்த கம்பிச் சட்டம் ஒன்றைப் பிசியோதெரபி அறையிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். சீஃபிடம் விவரத்தைச் சொன்னபோது அவர், "நானும் பாக்கல," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் பேனாவால் அளவைச் சரிபார்த்தார்.

சாயங்காலம் அவள் திரும்ப வந்து கேட்டாள். "இப்ப எப்படி இருக்கு? வலி போச்சா?"

பதில் ஒரே சொல்லாக வந்தது. பாதி.

"இப்போதைக்குப் பாதிதான் முடியும்," என்றாள் அவள். "மீதிக்கு நாளைக்குப் பாக்கறேன். இப்பவும் தூங்க வைக்கணுமா?"

விழிகள் நடுவில் தயங்கி நின்றன. பிறகு கீழே இறங்கின. அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை. பேச விஷயம் எதுவும் இல்லாததால் தன் மாமியார் படிப்பைப் பற்றிக் கேட்டதைச் சொன்னாள். அந்த அம்மாவுக்குச் சிரிக்க வழியில்லை. கணவர்தான் இருவருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

கழுத்தில் துளையிட்டுக் குழாயை மாற்றினார்கள். தோளில் முதலில் அசைவு வந்தது, பிறகு ஒரு கட்டைவிரலில். நடுவில் நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் ஆபத்தாகவும் இருந்தது. மூச்சுப் பயிற்சி முடிந்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பிய நாளில் தாலாட்டு வேறொரு நோயாளிக்குக் கழுத்து நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றிக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வந்தபோது கட்டில் துடைக்கப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

வருடம் முடிந்தது. தேர்வில் தேறினாள், பிரமாதமாக இல்லை. பழைய மருத்துவமனை மறுபடி கூப்பிட்டது. எலும்பு மருத்துவர், "நீ இல்லாம என் பேஷன்ட் எல்லாம் பாதியில கண்ணை முழிக்கறாங்க," என்று பொய் சொன்னார். பாதி வாரம் அரங்கு, பாதி வாரம் ஐசியு என்றால் வருகிறேன் என்றாள். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. தன் கணவரிடம் அதைச் சொன்னபோது, "அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லாத," என்றார்.

சில மாதம் கழித்து டிரைவிங் ஸ்கூல் அம்மாவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். மனைவி வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கிறாள், இடது பாதம் மட்டும் இன்னும் எழும்பவில்லை, குரல் மட்டும் முழுசாகத் திரும்பிவிட்டது என்றார். அவளால் இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால் தானே ஓட்டக் கற்றுக்கொள்வதாகவும், இத்தனை வருடம் ஸ்கூல் நடத்தியவள் வீட்டில் ஸ்டியரிங் தொடாத ஆள் தான் ஒருவன்தான் என்றும் சொன்னார்.

"பக்கத்து சீட்ல உக்காந்துக்கிட்டு அவ திட்டற திட்டு தாங்க முடியல டாக்டர்."

"கால் வலி எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"இருங்க, கேட்டுச் சொல்றேன்," என்று அவர் போனை நகர்த்தினார். தூரத்தில் ஒரு கனத்த குரல் ஏதோ சொன்னது. "ராத்திரியில கொஞ்சம் இருக்காம். இங்க டாக்டருங்க மாத்திரையைக் குறைக்கச் சொல்றாங்களாம், குறைக்கலாமான்னு கேக்கறா."

குறைக்க வேண்டாம், அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வார்டுக்குத் திரும்பினாள்.